என் பின்சக்கரத்தைப் பார்த்து வந்தவன்

சைக்கிளில் வேலைக்குப் போகிறவனிடம் எங்கள் பக்கத்து ஜனங்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" இன்னொன்று, "டாக்டர் சொன்னாருங்களா?" ஒருவன் ஆசைப்பட்டு மிதிப்பான் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவே எட்டாது. பல வருஷம் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "ஆமாங்க, சர்க்கரை" என்று சொல்லிவிட்டு மிதிக்கப் பழகிக்கொண்டேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் என் வீடு. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், எதிர்காற்று என்றால் அதற்கும் மேலே. எங்கள் பக்கத்தில் இப்படி மிதித்து வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். தலைக்கவசம், கையுறை, விளக்கு, பின்னால் தொங்கும் பை என்று ஒவ்வொருவனும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் கிளம்புவான். ஆரம்பத்தில் பதினொரு பேர். இன்று மூன்று பேர். மற்றவர்களில் சிலருக்கு முட்டி போயிற்று, சிலருக்கு மனைவி சொன்னாள், இரண்டு பேர் கார் வாங்கினார்கள். ஒருவனுக்குக் கண் போயிற்று. நான் எழுத உட்கார்ந்தது அவன் கண்ணைப் பற்றித்தான். அதில் என் கையும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

அவனும் கஞ்சிக்கோட்டில்தான், வேறொரு கம்பெனியில் இருந்தான். என் வயதுதான். அவன் ஊரும் என் ஊரும் அடுத்தடுத்து. குழுவில்தான் பழக்கமானோம், ஆனால் ஒரே வருஷத்தில் அவன் எனக்கு மாப்ள ஆகிவிட்டான், நான் அவனுக்கு மச்சான். அவன் மனைவி எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளந்து எடுக்கிற வேலையில் இருந்தாள். அவள் என்னை வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மலைக்கு நடுவே இருக்கிற கணவாய்க்கு நேரே குடியிருக்கிறோம். மார்கழியில் கிழக்கிலிருந்து அடிக்கும், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், காலையில் வேலைக்குப் போகும்போது தள்ளும். எப்படிப் பார்த்தாலும் ஒரு நேரம் நமக்கு எதிரிதான். அதற்காகச் சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றவன் அவன் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டே வர வேண்டும். பின்னால் வருகிறவனுக்குக் காற்றே தெரியாது. முன்னால் போகிறவன் குழி வந்தால் கையை இறக்கிக் காட்டுவான். பின்னால் வருகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. முன்னால் போகிறவனை நம்பி, அந்த டயரை மட்டும் பார்த்து வந்தால் போதும்.

இதில் முறை உண்டு. எங்கள் இருவருக்கும், வீட்டிலிருந்து வாய்க்கால் பாலம் வரை நான், பாலத்திலிருந்து கள்ளுக்கடை வரை அவன், அங்கிருந்து மேனோன்பாறை வரை மறுபடி நான். அதற்கப்புறம் அவன். ஒரு நாள்கூட இது மாறியதில்லை. முறை தவறினால் எங்கள் ஆட்களிடம் மானம் போய்விடும். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவனை 'ஓசிக் காத்து' என்று குழுவில் ஓட்டித் தீர்த்துவிடுவார்கள்.

அவன் முறை தவற ஆரம்பித்தான். முதலில் பாலம் வந்ததும், "இன்னைக்கு நீயே போ மச்சா, கால் வலி" என்றான். அப்புறம் காய்ச்சல். அப்புறம் தூக்கம் பத்தவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். எனக்குப் பொறுமை எவ்வளவு என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஒரு காலையில் கள்ளுக்கடையைத் தாண்டியதும் சைக்கிளை நிறுத்திக் கத்திவிட்டேன்.

"ஏன்டா மாப்ள, நான் என்ன உன்ற ஊட்டு எருதா? தெனம் நானே இழுக்கோணுமா?"

அவன் சிரிக்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"முன்னால போனா பயமா இருக்குது மச்சா. குழி சட்டுனு வந்துடுது. பக்கத்துல வர்ற வண்டி எங்கிருந்து வருதுன்னே தெரியறதில்ல. அன்னைக்கு ஒரு கள்ளு வண்டி ஒரசிட்டுப் போகுது, அது தோளுகிட்ட வந்தப்பறந்தான் பார்த்தேன். உன்ற பொறத்தால வந்தா ஒரு பயமும் இல்ல."

அடப்பாவி, இதைச் சொல்வதற்கு ஒரு மாதமா என்று எனக்குப் பாவமாகிவிட்டது. கண்ணாடி போடு என்றேன். போட்டுத்தான் இருக்கிறேன், கடையில் சோதித்துக் கொடுத்தார்கள் என்றான். வயசாகிறது, அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். நாற்பத்தெட்டு வயதில் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகச் சொல்லலாம், யாரும் கேள்வி கேட்பதில்லை.

அன்றிலிருந்து முறையை நான் எடுத்துப்போட்டேன். முழு வழியும் நான் முன்னால். கை காட்டினால் போதவில்லை, "வாயால சொல்லு மச்சா" என்றான். சரியென்று கத்தினேன். "குழி வலது!" "மாடு!" "மணல்!" "பஸ்ஸு வருது, ஒதுங்கு!" அவன் பின்னாலிருந்து "ம்" என்பான். ரோட்டில் போகிறவர்கள் எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். குழுவில் அவனை யாராவது ஓசிக் காத்து என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒன்றரை வருஷம் எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஒரு மனிதனை ஒரு கீறல் இல்லாமல் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலையில் பால் ஊற்றப் போனேன். வழக்கமாக என் மனைவிதான் போவாள், அன்று அவளுக்கு உடம்பு சரியில்லை. சொசைட்டியில் கூட்டம் குறைந்ததும் அவன் மனைவி வெளியே வந்து கேனைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். இவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?"

"ஏன் அம்மிணி?"

"பக்கத்துல டம்ளர் வெச்சாத் தட்டி உட்டுடறாருங்ணா. கன்னுக்குட்டிக் கவுத்துல தடுக்கி விழுந்தாரு. கதவு நெலவுல தோளை இடிச்சுக்கறாரு. கேட்டா, கவனமில்லைன்னு என்ற மேலயே பாயறாரு. ஆசுபத்திரிக்குப் போலாமுன்னா, தெனம் அத்தனை தூரம் சைக்கிள்ல போயிட்டு வர்றேன், கண்ணு தெரியாமயான்னு கேக்கறாரு. நீங்க தெனம் கூடப் போறவரு. உங்களுக்குத்தான் தெரியும்."

அவள் கேட்டது எனக்குச் சுரீரென்றது. இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே அவனைச் சோதித்தேன். எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். டீக்கடை முன்னால் நின்றுகொண்டு, தூரத்தில் வருகிற பஸ்ஸைக் காட்டி, "போர்டு என்னடா?" என்றேன். எனக்கு அது மஞ்சள் பூச்சாகத் தெரிந்தது. அவன் சட்டென்று படித்தான். மலையாளத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த சாமி பெயரையும் சொன்னான். அடுத்த பஸ், அதற்கடுத்த லாரி, எல்லாமே எனக்கு முன்னால் படித்தான்.

"எனக்குத்தான்டா கண்ணாடி போடோணும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

மறுநாள் காலையில் நானே கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனேன். "நல்லாத் தெரியுது அம்மிணி. எனக்கு முன்னாலயே போர்டு படிக்கறான். கழுகுக் கண்ணு. சும்மா கவனக்கொறைவு, நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றேன். அவள் முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டு, "இப்பத்தானுங்ணா எனக்குச் சோறு எறங்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் ஆஸ்பத்திரி பேச்சை எடுக்கவே இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. இதை எத்தனை முறை எனக்குள் சொல்லிக்கொண்டாலும் பிரயோஜனமில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். நான் பார்த்ததைத்தான் சொன்னேன்.

அடுத்த மார்கழியில் நடந்தது இது. கஞ்சிக்கோட்டில் எங்களைவிட நூறு மடங்கு சைக்கிள் மிதிக்கிறவர்கள் வடக்கேயிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களுக்கு ஆசையும் இல்லை, குழுவும் இல்லை. வேறு வண்டி இல்லை, அதனால் மிதிக்கிறார்கள். கையுறை போட்ட நாங்கள்தான் சைக்கிள்காரர்கள் என்று பேப்பரில் போட்டோ வரும், அவர்களை லாரி அடித்தால் ஒரு மூலையில் செய்தி வரும். அவர்கள் சைக்கிளில் பின்விளக்கு இருக்காது. இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று குழுவில் நான்தான் ஆரம்பித்தேன். நாங்கள் பூட்டியிருந்த அதே சிவப்பு மினுக்கு விளக்கை மொத்தமாக வாங்கி, ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி கேட் வாசலில் நின்று, ஒவ்வொரு சைக்கிளிலும் நாங்களே பூட்டிவிட்டோம். அவனும் என்கூட நின்று பூட்டினான். ஒரு தொழிலாளி எங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போட்டோ எடுத்தோம், வாழ்த்துகள் குவிந்தன.

அதற்கு நாலாம் நாள் சாயங்காலம். ஷிஃப்ட் விட்டு ரோடு முழுக்க சைக்கிள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, கிழக்கே பார்த்துத் திரும்பியதும் புழுதியோடு காற்று முகத்தில் அறைந்தது. அந்தத் திருப்பத்தில் ஒரு லாரி எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்தது. நான் ஒதுங்கி, மெதுவாக்கினேன். லாரி போனதும் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. அவன்தான் என்று நினைத்து மிதித்தேன்.

"குழி இடது!" என்று கத்தினேன். "கல்லு!" "நாய், நாய்!" எதிர்காற்றில் அவன் "ம்" என்பது எப்போதும் கேட்காது, அதனால் நான் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் இப்படி. ஒரு மேட்டில் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தால், என் பின்னால் கோழிக் கூண்டு வைத்த யாரோ ஒரு தாத்தா. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு விலகிப் போனார்.

கெரகம்! திரும்பி மிதித்தேன். போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திருப்பத்துக்குப் பக்கத்தில், கம்பெனிச் சுவரை ஒட்டிப் போகிற மண் பாதையின் கடைசியில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். தொழிலாளர்கள் தங்குகிற தகரக் கூரை வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. சாக்கடைத் திட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை முழுக்கச் சேறு. அவன் பக்கத்தில் குந்தி, இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு வடக்கத்தித் தொழிலாளி. அவருடைய சைக்கிள் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அதில் நாங்கள் பூட்டிய விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"உன்ற வெளக்குன்னு நெனச்சு ஒட்டிட்டேன் மச்சா" என்றான். "நீ கத்தவே இல்லையேன்னு பார்த்தேன். கோவமாக்கும்னு நெனச்சேன்."

அந்தத் தொழிலாளி, தனக்குப் பின்னால் ஒருவர் விடாமல் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்று பயந்து வேகமாக மிதித்திருக்கிறார். இவனும் விடாமல் மிதித்திருக்கிறான். வீட்டு வாசலில் அவர் சட்டென்று திரும்பியதும் இவன் நேராகச் சாக்கடைக்குள் போய்விட்டான். அவர் கைகூப்பி என்னிடம் ஏதோ இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் பதிலுக்குக் கைகூப்பினேன்.

கைக்கு மாவுக்கட்டு போட்ட டாக்டர் கெட்டிக்காரர். பக்கவாட்டில் நின்று எக்ஸ்ரே படத்தை நீட்டியிருக்கிறார், இவன் திரும்பவே இல்லை. இரண்டாவது முறை நீட்டிப் பார்த்துவிட்டு, முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்று கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே கண் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அவனும், அவன் மனைவியும், நானும். அவனை ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அவன் அமுக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா எங்களிடம் விளக்கிச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு சாகிற நோய். வலிக்காது. ஓரத்துப் பார்வைதான் முதலில் போகும், நடுவில் உள்ளது கடைசி வரைக்கும் நிற்கும். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நேரே இருப்பது மட்டும் தெரியும். தூரத்து எழுத்தைக்கூடப் படிப்பார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வலது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இடது கண்ணில் கொஞ்சம் இருக்கிறது. சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் இருப்பதைப் பிடித்துவைக்கத்தான், போனது வராது.

"ஒரு வருஷம் முன்னால வந்திருந்தாக்கூட நல்லா மிச்சம் பிடிச்சிருக்கலாம்" என்றார். அவன் மனைவியைப் பார்த்து, "வீட்ல யாருமே கவனிக்கலியாம்மா?" என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கவனிச்சோமுங்க. வயசாச்சுன்னு நாந்தானுங்க உட்டுட்டேன்" என்றாள்.

மருந்து வாங்குகிற வரிசையில் அவள் நின்றபோது பக்கத்தில் போய் நின்றேன். "அம்மிணி, நீ கேட்டப்போ நான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அழுதுவிட்டேன். அத்தனை ஜனத்துக்கு முன்னால் ஐம்பதை நெருங்கும் ஆம்பளை தேம்பித் தேம்பி அழுதேன்.

"உடுங்ணா" என்றாள். "நீங்க வேணுமுன்னா சொன்னீங்க? ஆனா அவருகிட்ட மட்டும் இதைச் சொல்லிப்போடாதீங்க. நான் கேட்டதும் அவருக்குத் தெரியாது, நீங்க சொன்னதும் தெரியாது. உங்களை அவரு சாமியாட்டம் நெனச்சுட்டு இருக்காருங்ணா. கண்ணுந்தான் போயிருச்சு, அதையும் புடுங்கிக்க வேண்டாம்."

நான் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. ஆபரேஷன் நடந்தது, சொட்டு மருந்து ஒரு வேளை தவறாமல் அவள் விட்டாள். ஆனாலும் இடது கண்ணும் சுருங்கிக்கொண்டே வந்தது. கம்பெனியில் கொஞ்ச நாள் உட்காருகிற வேலை கொடுத்தார்கள், அப்புறம் அதுவும் நின்றது. குழுவில் ஒருவர் இரட்டைச் சீட்டுச் சைக்கிள் ஒன்று இருக்கிறது, முன்னால் நான், பின்னால் அவன் உட்கார்ந்து மிதிக்கலாம் என்றார். இரவல் வாங்கிக் கொண்டுபோய் அவன் வாசலில் நிறுத்தினேன். கையால் முழுக்கத் தடவிப் பார்த்தான். சீட்டு, பெடல், செயின் எல்லாவற்றையும் தொட்டான். "வேண்டாம் மச்சா, திருப்பிக் குடுத்துரு" என்றான். அன்றே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போகிறேன். போகாமலிருந்தால் இன்னும் மோசம். போன ஞாயிறு அங்கே உறம்பரை வந்திருந்தார்கள், திருப்பூரிலிருந்து அவன் மாமன் முறைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். கண்ணைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் குரல் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. கையை நீட்டித் துழாவி என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"மாமா, இவந்தானுங்க நான் சொன்ன ஆளு. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான். தெனம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும் இவனுக்கு. ஒரு நாளு சலிச்சுக்கிட்டதில்லீங்க" என்றான்.

பெரியவர் என்னைக் கும்பிட்டார். அவன் மனைவி டீத் தட்டோடு உள்ளேயிருந்து வந்து நின்றாள். அவன் என் முழங்கையை விடவில்லை.

"நீ மட்டும் இல்லீன்னா, மச்சா, நான் ஒன்றரை வருஷம் முன்னாலயே பயந்துபோய் ஆசுபத்திரியில போய் விழுந்திருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் தட்டை என் முன்னால் நீட்டினாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.